அப்பா வேஷம்

மே எட்டாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பாவுக்குப் பரீட்சை. அன்றைக்கே நாலு மணிக்குத் தேஹோவின் வகுப்பில் பெற்றோர் தின விழா. இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததற்கு அவன் யாரையும் குறை சொல்ல முடியாது. மருத்துவமனை தேதி கொடுத்தது. நாட்காட்டி மற்றதைக் கொடுத்தது.

பெற்றோர் தினத்துக்கு விடுமுறை கிடையாது. அதனாலேயே மொக்போ நகரத்து ஆங்கிலப் பயிற்சி மையங்களுக்கு அது பெரிய நாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். தங்கள் பிள்ளை இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசுவதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த மாதம் பிள்ளையை அங்கேயே விடுவதா, எதிர்க் கட்டடத்து மையத்துக்கு மாற்றுவதா என்று முடிவு செய்வார்கள். மையத்தை நடத்துகிற யோம் மேடம் ஏப்ரல் பிறந்ததுமே சிவப்புக் காகிதம் வாங்கிக் குவித்துவிட்டார். கார்னேஷன் பூ செய்து அம்மா அப்பா சட்டையில் குத்துவதற்கு.

தேஹோவுக்கு முப்பத்தோரு வயது. நோஹ்வா தீவில் கடல்பாசியும் அபலோன் சிப்பியும் வளர்க்கிற பான் கில்லாமின் ஒரே பிள்ளை. அவர்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அப்பா இரண்டாம் வகுப்போடு படகேறியவர். பட்டமளிப்பு நாளில் மகனுடைய கறுப்பு அங்கியை வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அதைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் காட்டினார். பட்டம் யாருக்கு என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக்கு," என்றாராம். தேஹோவுக்கும் அந்தப் பெருமை குறைவில்லை. பயிற்சி மையம்தானே, பள்ளிக்கூடம் இல்லையே என்று யாராவது இழுத்தால், "ஆறு வயசுக் குழந்தையை இன்னொரு மொழியில வாயைத் திறக்க வைக்கிறது சாதாரண வேலை இல்லைங்க," என்பான்.

ஜனவரியில் ஒரு விடியற்காலை, தெப்பத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். மூளையில் அடைப்பு. உயிர் பிழைத்தது. வலது கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் போய்விட்டது. மற்றவர்கள் சொல்வது முக்கால்வாசி புரிந்தது; பதில்தான் வரவில்லை.

மொக்போவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் இடம் கிடைத்தது பெரும் பாடுபட்டு. அங்கே விதி இதுதான்: குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மதிப்பீடு செய்வார்கள். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் மூன்று மாதம் இருக்கலாம். தெரியாவிட்டால் கட்டிலை அடுத்தவருக்குக் காலி செய்ய வேண்டும். மற்ற மறுவாழ்வு மருத்துவமனைகளில் எல்லாம் காத்திருப்போர் வரிசை அடுத்த குளிர்காலம் வரை நீண்டிருந்தது. மிச்சம் இருந்தது முதியோர் மருத்துவமனை.

"அங்க சோறு ஊட்டுவாங்க, புரட்டிப் படுக்க வைப்பாங்க," என்றார் பாங் அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த பெண்மணி. இதே வேலையில் பதினாலு வருடம். "பேச வைக்க மாட்டாங்க, வாத்தியார் தம்பி. பேசினா கேக்கறதுக்கு அங்க ஆள் வேணுமில்ல. நான் அங்க கொண்டு போய் விட்டவங்கள்ல ஒருத்தரும் நடந்து வெளிய வந்து பாத்ததில்ல."

மார்ச் மாத மதிப்பீட்டில் பதினைந்து படங்களில் அப்பா மூன்றுக்குப் பெயர் சொன்னார். மே எட்டாம் தேதி அது ஏறியிருக்க வேண்டும்.

தேஹோ தனக்குத் தெரிந்ததைச் செய்தான். வகுப்பில் குழந்தைகளுக்குக் காட்டுகிற பட அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் வேலை முடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினான். ஆப்பிள், நாய், குடை, செருப்பு. வகுப்பில் பேசுகிற அதே தெளிவான, கொஞ்சம் பாட்டு கலந்த குரலில், "அப்பா, இங்க பாருங்க. இது என்ன? ஆ...ஆ...?" என்றான். சரியாக வாயைக் குவித்தால் கைதட்டினான். ஒரு நாள் முயலுக்குப் பாட்டும் பாடினான்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள், மகன் உள்ளே வருவதைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டார்.

பாங் அம்மா தயிர் பானத்தில் குழலைக் குத்திக்கொண்டே சொன்னார்: "உங்கப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு, தம்பி. ஆறு இல்ல. நாப்பது வருஷம் படகுல ஆளுங்களை விரட்டின மனுஷன். பெத்த பிள்ள வந்து கைதட்டினா வாயத் தொறப்பாரா?"

"வேற வழி தெரியலையே, பாங் அம்மா. பயிற்சின்னா இப்படித்தான்."

"ஊசி போடறப்ப நல்லாத்தான் வருது வார்த்தை. நேத்து நர்ஸ் பொண்ணு காது பொத்திக்கிட்டு ஓடிச்சு."

அதைப் பேச்சுப் பயிற்சியாளர் சூ மிஸ்ஸிடம் தேஹோ ஆசையோடு போய்ச் சொன்னான். அவர் பரிதாபமாகப் பார்த்தார். "திட்டறது கணக்குல வராது, சார். ஒண்ணு ரெண்டு எண்றது, பாட்டு, இதெல்லாம் தானா வர்றது. அவரே நினைச்சு, அவரே தேடிச் சொல்ற வார்த்தைதான் வேணும்."

இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

வகுப்பில் அவன் ஒரு புது வேலை கொடுத்திருந்தான். பூவும் வாழ்த்தட்டையும் எல்லா மையத்திலும் செய்வதுதான். தன் வகுப்பு வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் அம்மாவையோ அப்பாவையோ பேட்டி எடுத்து வரவேண்டும். மூன்றே கேள்வி. உங்களுக்கு ஏழு வயதில் எது பிடிக்கும்? எதற்குக் கோபம் வரும்? இப்போது என்ன வேண்டும்? பதிலை அவன் சின்ன ஆங்கில வாக்கியமாக்கிக் கொடுப்பான்.

பதில்கள் வந்து சேர்ந்தன. ஒரு அப்பாவுக்கு வேண்டியது தூக்கம். ஒரு அம்மாவுக்கு வேண்டியது, யாரும் கதவைத் தட்டாத கழிப்பறை. உஜின் என்கிற வாயாடிப் பையனின் அப்பாவுக்குக் கோபம் வருவது உஜினைப் பார்த்தால்.

"இதையா பெத்தவங்க முன்னாடி சொல்ல வைக்கப் போறீங்க?" என்றார் யோம் மேடம்.

"உண்மைதானே, மேடம்."

"உண்மை கேக்கவா அவங்க அரை நாள் லீவு போட்டுட்டு வராங்க? கடைசியில ஐ லவ் யூன்னு முடிச்சிடுங்க. அது போதும்."

அவர் போனதும் உஜின் மேசையில் தாவாயை வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், உங்கப்பாவுக்கு ஏழு வயசுல என்ன சார் பிடிக்கும்?"

தேஹோவுக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. கேட்டிருக்கக்கூடிய முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இப்போது கேட்டால் சொல்ல அவருக்கு வழியில்லை. "நாளைக்குச் சொல்றேன்டா," என்று பசை டப்பாவைத் தேடுகிறவன் போல அலமாரிப் பக்கம் திரும்பி நின்றான்.

பேட்டிக்கு அடுத்தது சீட்டு. அந்த ஊரில் பிள்ளைகள் பெற்றோர் தினத்துக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். தோள் பிடித்துவிட ஒரு சீட்டு, பாத்திரம் கழுவ ஒரு சீட்டு, சிணுங்காமல் படுக்கப் போக ஒரு சீட்டு. அம்மாவோ அப்பாவோ எப்போது வேண்டுமானாலும் அதை நீட்டி வேலை வாங்கிக்கொள்ளலாம். தேஹோ அதை நாடகமாக்கியிருந்தான்: ஒரு குழந்தை அப்பாவாகவோ அம்மாவாகவோ நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை நீட்டி ஆங்கிலத்தில் வேலை சொல்ல வேண்டும்; மற்றவர்கள் செய்ய வேண்டும்.

அன்றைக்கு அப்பா வேஷம் போடுகிற பையனுக்குக் காய்ச்சல். ஒத்திகைக்கு ஆள் வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் ராஹி உட்கார்ந்திருந்தாள். மார்ச்சில் சேர்ந்த நாள் முதல் வகுப்பில் ஒரு சொல் பேசாத பிள்ளை. ஆங்கிலத்திலும் இல்லை, தாய்மொழியிலும் இல்லை. தேஹோ அவளிடம் எத்தனையோ தடவை அட்டையை நீட்டியிருக்கிறான், கைதட்டியிருக்கிறான், முயல் பாட்டுப் பாடியிருக்கிறான். வெறும் பொம்மையாக உட்கார்ந்தால் போதும் என்று நினைத்து அவள் கழுத்தில் காகித டையை மாட்டி நாற்காலியில் ஏற்றினான்.

ராஹி கால்மேல் கால் போட முயன்றாள். கால் சின்னது, வழுக்கியது. மறுபடி போட்டாள். உஜினை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யூ. வாட்டர்," என்றாள்.

வகுப்பே திரும்பியது. உஜின் திகைத்துப்போய்க் காகிதக் குவளையைக் கொண்டுவந்தான்.

"நோ. கோல்ட் வாட்டர். கோ."

உஜின் ஓடினான். ராஹி அடுத்தவளுக்குத் தோளைக் காட்டினாள். "ஹியர். நோ, ஹியர். ஸ்லோ." மூன்றாமவனுக்கு, "ஷூஸ். நாட் தேர்." பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஹி சிரிக்கவில்லை. அவளுக்கு அது விளையாட்டில்லை. வேலை சரியாக நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒத்திகை முடிந்து டையைக் கழற்றியதும் வாய் பழையபடி மூடிக்கொண்டது.

அன்றைக்குப் பேருந்தில் தேஹோ உட்காரவில்லை. இடமிருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதமாகத் தான் செய்துகொண்டிருந்தது என்னவென்று அவனுக்கு இப்போது தெரிந்தது. அப்பாவை அவருடைய நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு, தான் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தான்.

அட்டைப் பையை அவன் வார்டுக்குள் கொண்டுபோகவில்லை. பாங் அம்மாவிடம் சவரக் கத்தியை வாங்கினான். நாலு நாள் தாடி. வேண்டுமென்றே சோப்பு போடாமல், தண்ணீர் தொடாமல், தலைகீழாகக் கழுத்திலிருந்து மேல்நோக்கி இழுத்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவின் கண் திறந்தது. தலையை இழுத்துக்கொண்டார். இவன் மறுபடி இழுத்தான். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையில் ஏதோ உருண்டது, நின்றது, மறுபடி உருண்டது.

"தண்ணி," என்றார்.

தேஹோவின் கை நின்றுவிட்டது. பாங் அம்மா பின்னாலிருந்து அவன் முதுகில் குத்தினார். "நிக்காத. கைதட்டிடாத. தப்பாவே செய்."

அவன் துண்டை நனைத்தான். சொட்டச் சொட்டப் பிழியாமல் கொண்டுவந்தான். அப்பா முகத்தைச் சுளித்தார்.

"பிழி."

பிறகு, வெகு நேரம் தேடி, "மெதுவா."

அடுத்த நாட்களில் தேஹோ உலகத்திலேயே கைவேலை தெரியாத வேலையாளாக நடந்துகொண்டான். சாதத்தைத் தூரத்தில் வைத்தான். சன்னலைக் காற்றடிக்கிற நேரம் பார்த்துத் திறந்தான். செருப்பை மாற்றிப் போட்டான். சூடு. மூடு. கிட்ட. இல்ல. ஒவ்வொன்றும் அப்பாவின் வாயிலிருந்து தோண்டி எடுத்தது போலத்தான் வந்தது. சில நாள் ஒன்றுகூட வராமல் அப்பா கட்டிலை இடது கையால் அடித்தார். கைபேசியில் தீவிலிருந்த அம்மாவின் முகத்தைக் காட்டியபோது அம்மா வழக்கம்போல முழங்கால் வலி, பாசி விலை, பக்கத்து வீட்டு நாய் என்று அரைமணி நேரம் ஓட்டினார். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வை," என்றார்.

அம்மா அழுதுகொண்டே சொன்னார்: "கேட்டியாடா தேஹோ? நாலு மாசம் கழிச்சு வாயத் தொறந்து என்கிட்ட சொல்ற வார்த்தைய? போனை வைக்கணுமாம். சரியாத்தான் இருக்காரு. உங்கப்பாவேதான்."

மே ஏழாம் தேதி தேஹோ எண்ணிப் பார்த்தான். பதினாறு வார்த்தை. ஆனால் ஒன்றுகூடப் படத்துக்குப் பெயர் இல்லை.

"படத்தைக் காட்டிக் கேக்காம, ஏதாவது தப்பா செஞ்சு காட்டிக் கேக்கலாமா, மிஸ்?" என்று சூ மிஸ்ஸிடம் கேட்டான்.

"எல்லாருக்கும் ஒரே தாள், சார். நான் மாத்த முடியாது."

மே எட்டு. மதிப்பீட்டு அறைக்குக் கண்ணாடி வைத்த கதவு. குடும்பத்தார் வெளியே நிற்க வேண்டும். பாங் அம்மா அப்பாவுக்குத் தலை வாரி, கடையில் வாங்கிய நிஜக் கார்னேஷன் ஒன்றைச் சட்டையில் குத்தி அனுப்பியிருந்தார். சூ மிஸ் முதல் படத்தைத் தூக்கினார். செருப்பு. "இது என்னங்க, ஐயா?" அப்பா படத்தைப் பார்த்தார். சூ மிஸ்ஸைப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பத்து விநாடி. சூ மிஸ் தாளில் கோடு போட்டார்.

குடை. கோடு. கரண்டி. கோடு. நாய் என்பதை அப்பா சொன்னார். ஆறாவது படம் படகு. தேஹோ கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அப்பாவின் இடது கை மேசைமேல் எதையோ பிடித்து இழுப்பது போல அசைந்தது. உதடு குவிந்தது. பத்து விநாடி முடிந்தது. கோடு.

தேஹோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"மிஸ், அவருக்குத் தெரியும். கையப் பாருங்க, கயிறு இழுக்கறாரு. கொஞ்சம் நேரம் குடுங்க. இல்ல, அந்தத் தண்ணிக் குவளையத் தள்ளி வைங்க, அவரு பேசுவாரு. ஒரே தடவை. உங்க கால்ல வேணா விழறேன்."

"சார், வெளிய போங்க. நீங்க உள்ள நின்னா இதையே ரத்து பண்ணணும். அப்புறம் தேதியே கிடையாது."

"நானும் டீச்சர்தான், மிஸ்."

"தெரியும். உங்க வகுப்புல பரீட்சை நடக்கறப்ப பெத்தவங்க உள்ள வந்து சொல்லிக் குடுத்தா விடுவீங்களா?"

பாங் அம்மா அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டார். அப்பா இவனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

பதினைந்தும் முடிந்தது. மூன்று. மார்ச்சிலும் மூன்று. சூ மிஸ் படங்களை அடுக்கி ரப்பர் மாட்டினார். அப்போது அப்பா உள்ளங்கையால் மேசையைத் தட்டினார்.

"மறுபடி," என்றார்.

சூ மிஸ் நிமிர்ந்தார். "ஒரு தடவைதாங்க, ஐயா. விதி அப்படி."

"மறுபடி."

படகில் சின்னப் பையனிடம் சொல்கிற குரல். மரியாதை கிரியாதை ஒன்றும் இல்லை. சூ மிஸ்ஸின் கை தானாக ரப்பர்மேல் போனதைத் தேஹோ கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவர் கழற்றவில்லை. தாளைத் திருப்பி அடியில் ஒரு வரி எழுதினார். எழுந்து வந்து, "மேல டாக்டர்கிட்ட குடுக்கறேன். நம்பர் ஏறலை, சார். தானா பேசினதுன்னு ஒரு வரி எழுதியிருக்கேன். அதைப் படிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது," என்று மின்தூக்கிக்குப் போனார்.

காத்திருந்தார்கள். தேஹோ அப்பாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போயிருக்கக் கூடாது, போயிருக்கக் கூடாது என்று மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தான். முதியோர் மருத்துவமனையின் படுக்கை வரிசை கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. யோம் மேடம் நாலு தடவை அழைத்துவிட்டார். ஐந்தாம் தடவை எடுத்தான்.

"அம்மாக்கள் வர ஆரம்பிச்சாச்சு. ராஹியோட அப்பாகூட வந்திருக்காரு. எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில, மேடம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எப்படியாவது வந்துடுங்க. உங்களைத் தவிர யார் சொன்னாலும் அந்தப் பிள்ளைங்க ஒண்ணும் செய்யாது."

மூன்று இருபத்தைந்துக்குச் சூ மிஸ் திரும்பி வந்தார். கையில் தாள் இல்லை.

"நாலு வாரம் குடுத்திருக்காங்க. மூணு மாசம் இல்ல. நாலு வாரம். அன்னிக்கும் இதே பதினஞ்சு படம்தான். அப்ப நம்பர் ஏறலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

தேஹோ எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். நிமிர்வதற்குள் அவர் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். நாலு வாரம் என்பது இருபத்தெட்டு நாள். பதினெட்டு நாளில் பதினாறு வார்த்தை வந்தும் எண் அசையவில்லை. செருப்பைத் தப்பாகப் போடலாம். செருப்பு என்ற சொல்லை எதைத் தப்பாகச் செய்து வரவழைப்பது? அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவின் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் மறுபடி கீழே உட்கார்ந்தான்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது. பாங் அம்மா தண்ணீர்க் குவளையை நீட்டினார். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இன்னும் தேடினார்.

"பசங்க," என்றார். மூச்சு வாங்கினார். "போ."

ஜனவரிக்குப் பிறகு அவர் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாங் அம்மா சட்டென்று மின்தூக்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன், அப்பா."

அப்பாவின் இடது கை அவன் தோளைப் பிடித்து, கட்டிய படகைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிற பலத்தோடு வாசல் பக்கம் தள்ளியது. தேஹோ எழுந்தான். படிகளில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மையத்தை நோக்கி நிற்காமல் ஓடினான்.